காயாத கிளே எங்கே கிடைக்கும்? சென்னைக் கடைகளில் கிளேயும் பழைய விளையாட்டுச் சாமான்களும்

ஸ்டேஷனரிக் கடையில் போய் "கிளே கொடுங்க" என்று மொட்டையாகக் கேட்டால் ஐந்து சாமானில் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். டப்பாவில் அடைத்த மாவு, பாக்கெட்டில் வரும் பஞ்சு கிளே, வெள்ளைக் கட்டியாக வரும் காயும் கிளே, ஓவனில் சுட வேண்டிய கிளே, வரிக்கோடு போட்ட ஸ்டிக்குகளை வரிசையாக அடுக்கிய அட்டைப்பெட்டி. எல்லாம் ஒரே அலமாரியில்தான் இருக்கும். தொண்ணூறுகளில் பள்ளிக்கூடம் போனவர்கள் தங்கள் பிள்ளைக்கு வாங்க நினைப்பது கடைசியாகச் சொன்ன ஸ்டிக் பெட்டியை. வீட்டுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் பஞ்சு கிளே. மறுநாள் அது இறுகிப்போய், மறுபடி பிசைய முடியாது என்று ஆன பிறகுதான் "இது நம்ம காலத்து கிளே இல்லையே" என்று தெரிகிறது.

ஆகவே கடையில் கேட்கும் விதம் முக்கியம். "காயாத கிளே, ஸ்டிக் ஸ்டிக்கா வருமே, அது இருக்கா அண்ணே?" என்று கேளுங்கள். அட்டையில் 'நான் டிரையிங்' என்று இருக்க வேண்டும். 'ஏர் டிரை' என்றிருந்தால் அது வேறு.

ஸ்டிக் கிளேயின் பூர்வீகம் இங்கிலாந்தின் பாத் நகரம். செய்துகொண்டிருக்கும்போதே மண் காய்ந்து மாணவர்கள் திண்டாடுகிறார்கள் என்று வில்லியம் ஹார்பட் என்ற ஓவிய ஆசிரியர் 1897இல் காயாத ஒரு கலவையைக் கண்டுபிடித்தார். பிளாஸ்டிசின் என்று பெயர் வைத்து, 1900இல் பக்கத்திலிருந்த பாத்தாம்ப்டனில் தொழிற்சாலையும் தொடங்கினார். கால்சியம் கார்பனேட் என்ற சுண்ணாம்புத் தூள், பெட்ரோலியம் ஜெல்லி, ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பமிலங்கள், நிறமி: சரக்கு இவ்வளவுதான். தண்ணீர் கிடையாது, அதனால் ஆவியாகிப் போக ஒன்றுமில்லை. பத்து வருஷம் பரணில் கிடந்த பெட்டியை எடுத்துப் பிசைந்தாலும் வழிக்கு வரும். கேம்லின், ஃபேபர்-காஸ்டெல், டோம்ஸ் போன்ற ஸ்டேஷனரிப் பெயர்களில் மாடலிங் கிளே கிடைக்கிறது. ஆனால் ஒரே கம்பெனி இரண்டு மூன்று வகை விற்கக்கூடும், பெயரை மட்டும் பார்த்து எடுக்காதீர்கள்.

வாங்கும்போது கவரின் மேலேயே கட்டை விரலால் ஸ்டிக்கை அழுத்திப் பாருங்கள். நல்ல சரக்கில் விரல் மெதுவாக இறங்கும், ஓரம் பிளக்காது. ஓரத்தில் வெடிப்பு விட்டால் தூள் அதிகம், கொழுப்பு குறைவு. பிள்ளையின் கை வலிக்கும், மெல்லிய பாகம் எதுவும் நிற்காது. அட்டையின் அடிப்பக்கம் எண்ணெய்க் கறை வட்டமாகப் படர்ந்திருந்தால் பெட்டி வெயில் ஏறும் குடோனில் நாள் கணக்கில் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். எண்ணெய் வெளியேறிய ஸ்டிக் ஒரு பக்கம் பிசுபிசுப்பாகவும் மறுபக்கம் வறட்டுத்தனமாகவும் இருக்கும். ஸ்ட்ராபெர்ரி வாசனை, சாக்லேட் வாசனை போட்ட பெட்டிகளும் வருகின்றன. சிறு பிள்ளையை வாயில் வைக்கத் தூண்டுவதைத் தவிர அந்த வாசனைக்கு வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த வகையின் முதல் எதிரி நம்ம ஊர் மே மாதம். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில் மதியம் செய்த ஒட்டகச்சிவிங்கி சாயங்காலத்துக்குள் கழுத்தைத் தொங்கப் போட்டுவிடும். பெட்டியை ஸ்கூட்டர் டிக்கியில் வைத்துவிட்டு வந்தால் பத்து நிறமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வேலைக்கு நடுவில் குழைந்துபோனால் ஒரு தட்டில் வைத்து கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். மார்கழிக் காலையில் நேர் எதிர்த் தொல்லை: கல் மாதிரி இருக்கும். கவரோடு வெதுவெதுப்பான தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டு எடுத்துப் பிசையவும். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே உருகி வெளியே சும்மா இருக்கும், பிசைந்தால் சுடும். சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் கலந்த மெழுகை இளக்கி உருவம் பிடிப்பதும் இதே சூட்டு சூட்சுமத்தில்தான்.

ரொம்பப் பழசாகி வறண்டுபோன ஸ்டிக்கை மீட்க, வெதுவெதுப்பாக்கி, பட்டாணி அளவு வாசலின் சேர்த்துப் பிசையுங்கள். பலர் தேங்காய் எண்ணெய் ஊற்றுகிறார்கள். அது நாளாக ஆகக் காறிப்போகும். 24 டிகிரிக்குக் கீழே உறைந்து கிளேயை மறுபடி கெட்டியாக்கும். தேங்காய் எண்ணெய் கை கழுவத்தான் லாயக்கு: முதலில் எண்ணெய் தேய்த்துத் துணியால் துடை, பிறகு சோப்பு. நேரே சோப்புத் தண்ணீரில் கையை விட்டால் வழுக்கிக்கொண்டு போகுமே தவிர கிளே போகாது. யூனிஃபார்மில் ஒட்டியிருந்தால் ஐஸ் கட்டி வைத்து இறுக வைத்து, ஸ்கேல் விளிம்பால் சுரண்டி, மிச்சக் கறைக்குப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட். அயர்ன் பண்ணிய பிறகு கறையை எடுப்பது நடக்காத காரியம்.

விளையாடும் பலகைக்கு மரமோ செய்தித்தாளோ வேண்டாம். இரண்டும் எண்ணெயை உறிஞ்சும். செய்தித்தாள் மசியையும் திருப்பிக் கொடுக்கும். மிச்சமிருக்கும் தரை டைல்ஸ் ஒன்று போதும், வழவழப்பான பக்கம் மேலே.

ஒரு யானையைச் செய்து பார்த்தால் பெட்டியின் தரம் தெரிந்துவிடும். மொத்தம் 60 கிராம் சாம்பல் நிறம் வேண்டும். ஆறு பங்கு வெள்ளைக்கு ஒரு பங்கு கறுப்பு. கறுப்பை மொத்தமாகப் போடாமல் கிள்ளிக் கிள்ளிச் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கரி யானைதான். உடம்புக்கு 30 கிராம் முட்டை வடிவம், தலைக்கு 12 கிராம் உருண்டை, நாலு காலுக்கும் தலா 4 கிராம், காது இரண்டுக்கும் சேர்த்து 2 கிராம். தும்பிக்கையைத் தனியாக ஒட்டாமல் தலை உருண்டையிலிருந்தே இழுத்து நீட்டவும். ஒட்டிய தும்பிக்கை விழும், இழுத்தது விழாது. காலை நீளமாகச் செய்வதுதான் எல்லாப் பிள்ளைகளும் செய்கிற காரியம். உயரம், தடிமனைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் போனால் உடம்பின் பாரத்தில் கால் அகன்று யானை உட்கார்ந்துவிடும். நீளமான கால்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் முனை உடைத்த பல் குச்சியை உள்ளே விடலாம், ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். ஒட்டும் இடத்தில் வெறுமனே அழுத்தினால் போதாது. இரண்டு பக்கத்தையும் விரல் நகத்தால் கீறி, அழுத்தி, மேல் விளிம்பைக் கீழ்ப்பக்கம் இழுத்துத் தேய்க்க வேண்டும். அதே கிளே, அதே பிள்ளை, ஒட்டு மட்டும் சரியாக இருந்தால் யானை ஒரு வாரம் நிற்கும்.

நிறம் கெடுவதைப் பற்றி ஒன்று. பெட்டி பிரித்த இரண்டு நாளில் பத்து நிறமும் சேர்ந்து ஒரே சேற்று நிறமாகிவிடுகிறது என்று எல்லா வீட்டிலும் புலம்பல். வெள்ளை, மஞ்சள் வேலையை முதலில் முடித்து, சிவப்பு, நீலம் என்று போய், கறுப்பைக் கடைசியில் தொட்டால் பாதிப் பிரச்சினை தீரும். நடுநடுவே உலர்ந்த துணியில் கையைத் துடைக்கவும். சேற்று நிறமானதைத் தூக்கிப் போட வேண்டாம். பெரிய உருவத்தின் உள்ளுக்கு அதை வைத்து மேலே மெல்லிய தகடாக நல்ல நிறம் போர்த்தலாம்.

மொத்தத்தில் உருவம் பிடிக்கக் கற்றுக்கொள்ள இதற்கு ஈடில்லை, விலையும் குறைவு. ஐந்து வயதுக்குக் கீழே இருந்தால் மட்டும் கை பலம் போதாது.

அந்த வயதுக்குத்தான் டப்பா மாவு. ப்ளே-டோ 1956இல் விளையாட்டுச் சாமானாக வந்தது. அதற்கு முன்னால் அது அமெரிக்காவில் சுவர்க் காகிதத்தில் படிந்த கரியைத் துடைக்கும் மாவு. கரி அடுப்புகள் ஒழிந்து துடைக்க வேலையில்லாமல் போனதும் பிள்ளைகள் கைக்கு மாறியது. நம்ம ஊர்க் கடைகளில் அதற்குப் பக்கத்திலேயே ஃபண்டோ இருக்கும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். குழுமத்து ஃபன்ஸ்கூல் தயாரிப்பு. இந்த வகை எல்லாமே மாவு, உப்பு, தண்ணீர் அடிப்படையில்தான். மெத்தென்று இருக்கும், அச்சில் அழகாக விழும். நிற்க வைத்தால் நிற்காது. மூடியைச் சரியாக அழுத்தி மூடாவிட்டால் இரண்டு நாளில் பொருக்கு கட்டும். ப்ளே-டோவில் கோதுமை இருக்கிறது. கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு ஆகாது.

இதை வீட்டிலேயே செய்யலாம், தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மைதா ஒரு கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் ஒரு கப், சமையல் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு ஒரு மேசைக்கரண்டி. தண்ணீரில் உப்பையும் ஃபுட் கலரையும் முழுசாகக் கரைத்த பிறகே மைதாவைக் கொட்டிக் கட்டியில்லாமல் கரைக்கவும். கல் உப்பு போட்டால் கரையாமல் மணல் மணலாக நிற்கும். அடி கனமான வாணலியில் சின்னத் தீயில் கிளறினால் மூன்று முதல் ஐந்து நிமிஷத்தில் திரண்டு, ஓரத்தை விட்டுக் கழன்று வரும். இறக்கி, கை பொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசையவும்.

ஒட்டுகிறது என்றால் வேக்காடு போதவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் அடுப்பில் வைப்பதே சரி. பச்சை மைதாவைத் தூவிச் சமாளித்தால் அந்த மாவு சீக்கிரம் கெடும். உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் வெந்நீர். ஆடிக்குப் பிறகு காற்றில் ஈரம் ஏற ஏற உப்பு அதை இழுத்து மாவு வேர்த்துப்போகும். கொஞ்சம் சோள மாவு தடவிப் பிசைந்தால் சரியாகும். மேலே வெள்ளைப் பொடி பூத்தால் அது பூஞ்சை இல்லை, தண்ணீர் போய் உப்பு வெளிவருகிறது; பச்சை, கறுப்புப் புள்ளி வந்தால்தான் குப்பை. காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று வாரம் தாராளமாக வரும். வெளியே வைத்தால் எறும்பும் கரப்பானும் கண்டுபிடித்துவிடும். வீட்டில் நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள்: இவ்வளவு உப்பு நாய்க்கு விஷம். மஞ்சள் தூள், பீட்ரூட் சாறு போட்டு இயற்கை நிறம் என்பவர்களுக்கு, மஞ்சள் கையிலும் சுவரிலும் கறையாகும், பீட்ரூட் இரண்டு நாளில் பழுப்பாகும்.

பஞ்சு கிளேயைச் சுருக்கமாகவே சொல்லலாம். உள்ளே காற்று அடைத்த நுண்ணிய பிளாஸ்டிக் குமிழிகளும் பசையும் தண்ணீரும். அதனால்தான் அவ்வளவு லேசு, காய்ந்த பிறகு தண்ணீரில் மிதக்கும். ஒரு நாளில் காயும், ஐப்பசி மழையில் இரண்டு நாளுக்கு மேலேயும் ஆகும். அவ்வளவாகச் சுருங்காது, வெடிக்காது, நிறம் பளிச். ஃபிரிட்ஜ் மேக்னெட், பேனாத் தலை மாதிரி செய்து வைத்துக்கொள்ள நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே தடவைதான். முப்பத்தாறு நிறப் பெட்டியைப் பிரித்து ஒரு சாயங்காலத்தில் பாதி பாக்கெட்டை மூடாமல் விட்டால் பாதிப் பணம் போச்சு. அரைகுறையாக இறுகியதைச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பிசைந்து மீட்கலாம். முழுசாகக் காய்ந்தது மீளாது. கெடாமல் இருக்கப் போடும் மருந்து சிலருக்கு விரலிடுக்கில் அரிப்பைக் கொடுக்கும், விளையாடி முடித்ததும் கை கழுவ வைப்பது நல்லது. பரிசு கொடுக்க வாங்கலாம், தினசரி விளையாட்டுக்கு வாங்காதீர்கள்.

வெள்ளைக் கட்டியாக வரும் ஏர் டிரை கிளே கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. இதில் எல்லாத் தவறும் காய வைப்பதில்தான் நடக்கிறது. செய்த உடனே ஃபேனுக்குக் கீழே வைத்தால் மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும், நடுவில் வெடிக்கும். முதல் நாள் மெல்லிய பிளாஸ்டிக் கவரால் தளர்வாக மூடி வைத்து, அடுத்த நாள் கம்பி வலை மேல் வைத்துத் திருப்பிப் போட்டுக் காய வைக்கவும். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கனம் வேண்டாம்; பெரிய உருவமென்றால் அலுமினியம் ஃபாயிலைக் கசக்கி உள்ளே வைத்து மேலே போர்த்தவும். அக்ரிலிக் பெயின்ட், அதற்கு மேல் வார்னிஷ் இல்லாவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி இளகும்.

ஃபெவிக்ரில் மோல்டிட் போன்ற எபாக்ஸி கிளே, இரண்டு பாக்கெட்டாக வந்து கலந்தால் கல்லாக இறுகுவது, விளையாட்டுச் சாமானே இல்லை. இரண்டு பாக்கெட்டையும் சம அளவில் எடுத்து, நிறக் கோடு ஒன்றுகூட மிஞ்சாமல் பிசைய வேண்டும். கோடு இருக்கும் இடம் கடைசிவரை இறுகாது. சில மணி நேரத்தில் இறுகும், முழு பலத்துக்கு ஒரு நாள் விடவும். கையுறை அவசியம். கொலு பொம்மையின் ஒடிந்த விரல், உடைந்த மூக்கு, பறிபோன வேல் இவற்றைச் சரிசெய்ய இதைவிட நல்ல சரக்கு இல்லை. நவராத்திரிக்கு ஒரு மாதம் முன்னால் வாங்கி வைக்கலாம்.

ஓவனில் சுடும் பாலிமர் கிளே, ஃபிமோ போன்றவை, பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனவை. 110 முதல் 130 டிகிரிக்குள், அட்டையில் போட்டிருக்கும் அளவுப்படி. ஓ.டி.ஜி. என்ற சின்ன மின்சார ஓவனின் குமிழை நம்பாமல் தனி ஓவன் தெர்மாமீட்டர் வைக்கவும். கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போக வேண்டியதுதான். சுடாத கிளேயை எந்த டப்பாவில் வேண்டுமானாலும் வைக்கக்கூடாது. அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று போட்டிருக்கும் கண்ணாடி மாதிரியான டப்பாவை அது அரித்துவிடும். 5 போட்ட டப்பா பத்திரம்.

இவ்வளவு பெட்டிகளையும் விட மலிவானது நிஜக் களிமண். புரசைவாக்கம் பக்கத்தில் கொசப்பேட்டையில் குயவர் குடும்பங்கள் இருக்கின்றன, விநாயகர் சதுர்த்திக்கும் நவராத்திரிக்கும் முன்னால் தெருவே பொம்மையாக இருக்கும். கேட்டால் மிதித்துப் பதப்படுத்திய மண்ணாகவே கொடுப்பார்கள். ஈரத் துணியில் சுற்றி பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பல வாரம் தாங்கும். ஒட்டும் இடத்தைக் கீறி, அதே மண்ணைத் தண்ணீரில் கரைத்த கூழைத் தடவித்தான் ஒட்ட வேண்டும். காய்ந்தால் சுருங்கும், அதனால் உள்ளே குச்சி, கம்பி வைத்தால் மண் சுருங்கக் கம்பி சுருங்காமல் வெடிப்பு விடும். நிழலில் காய வைக்கவும். சூளையில் வைக்கப் போவதாக இருந்தால் உள்ளே குடைந்து ஒரு துளையும் விட வேண்டும். கனமான இடத்தில் மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகித்தான் பொம்மை வெடிக்கிறது.

சதுர்த்தி நேரத்தில் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் அச்சில் மண்ணை அழுத்திப் பிள்ளையாரைத் தட்டி எடுத்துக் கொடுப்பார்கள். பிள்ளைக்கு அந்த வேலையை நின்று பார்க்கவாவது விடுங்கள்: அச்சுக்குள் முதலில் மூக்கு, தும்பிக்கைப் பள்ளத்தில் சின்ன உருண்டையை அழுத்தி நிரப்பிய பிறகுதான் பெரிய கட்டியை வைப்பார்கள். மொத்தமாக அழுத்தினால் தும்பிக்கை பாதியில் நிற்கும். கண்ணுக்கு வைக்கும் குன்றிமணியில் மட்டும் கவனம். மென்று விழுங்கினால் கடும் விஷம். கரைப்பதற்கு முன்னால் எடுத்துத் தனியாகப் போட்டுவிடவும். தக்ஷிணசித்ரா என்ற கைவினை அருங்காட்சியகத்திலும் பிள்ளைகளைச் சக்கரத்தில் உட்கார வைக்கிறார்கள், முட்டுக்காடு வரை போக வேண்டும், செவ்வாய் விடுமுறை.

பெட்டி கிளேக்கு பாரிமுனைதான். ஆண்டர்சன் தெருவில் ஸ்டேஷனரி மொத்தக் கடைகள், உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். அங்கே டஜன் கணக்கு. ஒரு பெட்டிக்குப் போனால் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். பிறந்தநாள் ரிட்டர்ன் கிஃப்டுக்கு இருபது முப்பது பெட்டி வேண்டுமென்றால் போகலாம், ஞாயிறு போகாதீர்கள். விளையாட்டுச் சாமான் வகை வகையாக வேண்டுமென்றால் பார்க் டவுனில் ஈவினிங் பஜார். வெயிலில் வண்டிமேல் அடுக்கியிருக்கும் கிளேயை எடுக்காதீர்கள், மேலே சொன்ன எண்ணெய்க் கறைதான் காரணம்.

எங்கே வாங்கினாலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். 2021 ஜனவரி 1 முதல் விளையாட்டுச் சாமானுக்கு அது கட்டாயம். முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 9873 என்றும் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். அந்த எண்ணை, முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் எந்த உற்பத்தியாளருடையது, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரியும். அட்டையில் உள்ள பெயரும் செயலியில் வரும் பெயரும் ஒத்துப்போகவில்லை என்றால் வைத்துவிட்டு வாருங்கள். அதே தரநிலையின் மூன்றாம் பகுதி, கிளேயிலிருந்து கரைந்து வரக்கூடிய ஈயத்துக்குக் கிலோவுக்கு 90 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. இறக்குமதிப் பெட்டியில் ஏ.எஸ்.டி.எம். டி-4236 என்ற அமெரிக்கத் தரநிலை எண் மட்டும் போட்டிருந்தால் அபாயக் குறிப்பு விதிப்படி அச்சடித்திருக்கிறார்கள் என்றுதான் பொருள், விஷமற்றது என்று பொருளில்லை.

கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளில், கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்தவர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. சன்னபட்ணா மரப் பொம்மையில் முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது அதன் பெயரில் எனாமல் பெயின்ட் அடித்து விற்பதைப் பற்றி. நிஜப் பொம்மைக்குப் பூசுவது அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், எனாமல் கரையாது. வாங்கி வந்த பிறகு, அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் ஹேண்ட் சானிடைசர் தோய்த்த பஞ்சை ஒரு நிமிஷம் அழுத்திப் பாருங்கள்: பிசுபிசுத்து நிறம் பஞ்சில் ஏறினால் அரக்கு. சில்லென்று அப்படியே இருந்தால் அடுத்த தடவை வேறு கடை. அம்பாசமுத்திரத்தில் மரத்தைக் கடைந்து செய்யும் சொப்புச் சாமானுக்கும் இதே சோதனைதான்.

பழைய சாமான்களில் பிள்ளையை விடப் பெற்றோர் ஆசையாக வாங்குவது, திரி ஏற்றித் தண்ணீரில் ஓட்டும் தகரத்து டப்டப் படகு. மயிலாப்பூர் அறுபத்து மூவர், ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் பெசன்ட் நகர் வேளாங்கண்ணித் திருவிழா, பொங்கலை ஒட்டிய தீவுத்திடல் பொருட்காட்சி என்று கூட்டம் கூடும் இடங்களில் தேடலாம். வாங்கி வந்து பாதிப் பேர் "ஓடவில்லை" என்கிறார்கள். படகின் மேல் தவறில்லை, குழாயில் காற்று நிற்கிறது. படகின் மூக்கைக் கீழே சாய்த்து, பின்னால் இருக்கும் இரண்டு குழாயில் ஒன்றில் தண்ணீர் விட்டு, மற்றதில் குமிழியில்லாமல் வழியும்வரை நிரப்பவும். இரண்டு வாயையும் விரலால் அடைத்துக்கொண்டே தொட்டியில் வைத்து, தண்ணீருக்குள் விரலை எடுக்கவும். திரியைப் பற்ற வைத்தால் சற்று நேரத்தில் சத்தம் தொடங்கும். கொதிகலத்தில் ஆவி விரிந்து குழாயிலிருக்கும் தண்ணீரைப் பின்னால் தள்ளுகிறது, ஆவி குளிர்ந்ததும் தண்ணீர் திரும்ப உள்ளே வருகிறது. வெளியே போவது ஒரே திசையில் பாய்கிறது, உள்ளே வருவது எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது, அதனால் படகு முன்னால் மட்டும் போகிறது. மேல்தகடு மெல்லிசாக இருப்பதால்தான் அந்த டப்டப்.

போர்வெல் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து குழாய் அடைக்கும், ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றவும். கட்டிக் கற்பூரத்தை விட எண்ணெய்த் திரி மேல்: கற்பூரத் தீ பெரிசு, உள்ளே தண்ணீர் தீர்ந்த நேரத்தில் ஈயப்பற்று உருகி ஒட்டு விட்டுப்போகும். அந்தப் பற்றில் நிஜ ஈயம் இருக்கக்கூடும், தகர விளிம்பும் கூர். பெரியவர் பக்கத்தில் இருந்தால் மட்டும், வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம்.

பம்பரம் வாங்குபவர்கள் ஆணியைப் பார்த்து எடுங்கள். தலையை இரண்டு விரலால் பிடித்து மேசையில் சுழற்றிவிட்டு மேலிருந்து பார்த்தால், ஆணி நடுவில் இல்லாத பம்பரம் வட்டமடித்துக்கொண்டு நகரும். அதை எந்தச் சாட்டையாலும் நிறுத்தி ஆட்ட முடியாது. சாட்டைக்கு நைலான் வழுக்கும், பருத்திக் கயிறு ஒன்றரை மீட்டர், நுனியை நனைத்துச் சுற்றினால் பிடி கிடைக்கும்.